மேல் அடுக்கு

பொம்மையின் உயரம் நூற்றிநாற்பது சதுரம்.
காது மூன்று.
அந்த மூன்றுக்குள் ஒரு ஜிமிக்கி வேண்டுமாம்
இங்க்ரிட் எழுதியிருக்கிறாள்.
எந்த ஊரென்று நான் கேட்டதில்லை.
அவள் தூங்கப் போகும்போது
எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வரும்,
அவ்வளவுதான் தெரியும்.

ஜிமிக்கிக்கு நான்கு நிறம்:
மஞ்சள், வெட்கப்பட்ட மஞ்சள்,
ஆறிப்போன பிளேன்டீ,
கடைசியில் ஒரேயொரு வெள்ளை.
வெள்ளை வைக்கும்வரை பித்தளை.
வைத்தால் பவுண்.
செட்டியார் தெருவில் இதற்கு
உரைகல்லும் தராசும் வைத்திருக்கிறார்கள்.

முக்கால் முகம் திரும்பி நிற்கிறாள் பொம்மை,
ஆகவே ஒரு தோடு போதும்.
மற்றக் காதை இதுவரை ஒருவரும் வரையவில்லை.
ஒற்றைத் தோட்டுக்கு
ஒற்றைத் தோட்டுக் காசு.

பிறகு வளையல்.
சதுரங்களில் வளைவு என்று ஒன்று கிடையாது,
படிதான்.
தள்ளி நின்று பார்த்தால் வளையலாகிவிடும்.
எங்கள் கட்டடத்தின் லிஃப்ட்
மார்கழியிலிருந்து செத்துக் கிடக்கிறது.
ஐந்து மாடி.
எவ்வளவு தள்ளி நின்று பார்த்தும்
அது படியாகவே இருக்கிறது.

புதன்கிழமை இங்க்ரிட் கேட்டாள்:
கையில் பிடிக்க ஏதாவது,
உன் ஊர்ச் சாமானாக இருந்தால் நல்லது.

“யானை,” என்றாள் ஷிஹாமா,
கோல் சென்டர் உடுப்போடு கட்டிலில் விழுந்தபடி.
“குட்டி யானை. டொலர் கூடத் தருவாள்.”
யானை வரைந்தேன்.
பன்றியாய் வந்தது.

பொம்மையின் கை நான்கு சதுரம்.
விரல் இல்லை.
இங்கே பிடிப்பதென்றால்
மேல் அடுக்கில் வைப்பது.
ஒரு சதுரம் பிசகினால்
பொருள் காற்றில் தொங்கும்,
அவளோ எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டிருப்பாள்.

கரண்ட் போனது.
இறங்கிப் போய்க் காலி வீதியில்
சம்பா ஐந்து கிலோ, தேங்காய் ஒன்று,
பருப்பு, ஒரு றாத்தல் பாண்.
எல்லாம் ஒரே ரோஸ் நிறச் சொப்பிங் பேக்கில்.
மழை, குடை பிடிக்கக் கையில்லை.
மூன்றாம் மாடியில் நின்று
பேக்கைக் கை மாற்றினேன்.
கடற்கரைப் பக்கம் ரயில் போனது,
கைப்பிடிச்சுவர் கொஞ்சம் நடுங்கியது.

அன்றிரவு யானையை அழித்துவிட்டு
சொப்பிங் பேக் வரைந்தேன்.
பொலித்தீன் கஷ்டம்.
ஒரு சதுரம் ரோஸ், ஒரு சதுரம் வெறுமை,
மீண்டும் ரோஸ், மீண்டும் வெறுமை,
அந்த வெறுமைகளுக்குள்ளால்
பாணின் கருகிய மூலை தெரிய வேண்டும்.
தெரிந்தது.
வாழ்க்கையில் எதையும் தின்னாதவளின் கையில்
ஒரு றாத்தல் பாண்.

ஆனால் பஞ்சு மாதிரி வைத்திருந்தாள்.
உள்ளங்கையில்
ஒரு சதுரம் சிவப்பு வைத்தேன்.
உடனே தோள் சாய்ந்ததுபோல் இருந்தது.
தோளை நான் தொடவேயில்லை.

காலையில் பதில்:
அழகு, மிக அழகு.
கையில் ஒரு சதுரம் தவறி விழுந்திருக்கிறது,
எடுத்துவிடு.

என் கையைப் பார்த்தேன்.
கோடு எப்போதோ மறைந்துவிட்டது.
எடுத்துவிட்டேன்.
ஐம்பது சதம் கூடுதலாகப் போட்டிருந்தாள்,
பாணுக்காக.

ஒரு மாதம் கழித்து
வரிசை வரிசையாகப் பொம்மைகள்.
நடனக் கவுணோடு சொப்பிங் பேக்.
கிரீடத்தோடு சொப்பிங் பேக்.
பனிச்சறுக்குச் சப்பாத்தோடு ஒருத்தி.
எல்லாருக்கும் பஞ்சுப் பாண்.

பதினேழாவது வரிசையில்
தேவதைச் சிறகும் நீச்சலுடையுமாய் ஒருத்தி.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
முதல் அனுப்பிய கோப்பை
யார், எப்படி எடுத்தார்களோ,
உள்ளங்கையில் அந்தச் சிவப்பு இருந்தது.

சிறகு இருந்தும்
படியேறி வந்தவள்.

கீழே பாண் ஓட்டோவின் பாட்டு.
ஷிஹாமா சில்லறை தேடுகிறாள்.